டேவிட்சனின் முதுகு

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த முருங்கைக்காயை ஃபெபி நறுக்கிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவிலிருந்து தம்பி டேவிட்சன் கூப்பிட்டான். சாயங்கால ஜெபம் முடிந்து குக்கரும் வைத்தாயிற்று. அங்கே காலை; இந்த நேரத்தில் அவன் ஆபீசில் இருக்க வேண்டியவன்.

"அக்கா, லிடியா ஸ்கூல்ல ஷூட்டிங்," என்றான்.

லிடியா அவன் மகள். ஃபெபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருல ஹீரோ? அவளுக்காவது மூஞ்சி தெரியுமா, இல்ல உன்னமாதிரி முதுகுதானா?"

அவள்மேல் தப்பில்லை. ஷூட்டிங் என்றால் அந்த வீட்டில் ஒன்றுதான். அக்காவும் தம்பியும் புசா ரோட்டுப் பள்ளியில் படித்த காலத்தில் தமிழ்ப் படக்காரர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓட வேண்டும், அவ்வளவுதான் காட்சி. கேமரா அவர்களுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தடவை கதாநாயகியின் குடை பறந்தது. ஒரு தடவை ரோட்டில் போன சர்தார்ஜி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறையும் வாட்ச்மேன் "ஜல்தி, ஜல்தி" என்று விரட்ட, பிள்ளைகள் கட்டடத்துக்குள் போய், திரும்ப ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுவதற்கு டீச்சர்களே கைதட்டிய ஒரே நாள் அது. அப்படியொரு சந்தோஷம் அப்புறம் ஃபெபிக்குக் கிடைக்கவேயில்லை.

படம் டெல்லிக்கு வந்தபோது ஞாயிறு ஆராதனையைக்கூட விட்டுவிட்டுக் குடும்பமே காலைக் காட்சிக்குப் போயிற்று. திரையில் டேவிட்சனை அம்மா தேடினாள், அப்பா தேடினார். "அந்தா ஓடுதான் பாருங்க, இடது தோளைத் தூக்கிட்டு" என்று கண்டுபிடித்தது ஃபெபிதான். பை நழுவாமலிருக்க அவன் அப்படித்தான் ஓடுவான். கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு முதுகு. அதை வைத்து இன்றுவரை அவனைக் கிண்டல் செய்கிறார்கள். அவனும் விடாமல் தன்னை நடிகன் என்றே சொல்லிக்கொள்வான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை.

"அந்த ஷூட்டிங் இல்லக்கா. துப்பாக்கி. பெத்தவங்க எங்களையெல்லாம் பக்கத்துச் சர்ச்சுல நிக்கச் சொல்லிருக்காங்க. லிடியா இன்னும் வரல."

சிரித்த வாயை என்ன செய்வதென்று ஃபெபிக்குத் தெரியவில்லை. கத்தி கையிலேயே இருந்தது.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் அவள்தான் போன் போட்டுக் கேட்பாள், ஏன்ல அங்க மட்டும் இப்படி என்று. டேவிட்சனிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கும். கடையில் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கிறது. சுட்ட பையனை வகுப்பே கேலி செய்ததாம். முன்னால் சுட்டவனைப் பற்றித் தேடித்தேடிப் படித்தானாம். வீட்டில் யாருக்கும் அவனோடு பேச நேரமில்லையாம். எத்தனையோ வருஷக் கதையை ஊர் ஊராகச் சொல்லிவிட்டு, "எங்க ஊரு அப்படியில்லக்கா" என்று முடிப்பான். இன்று அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"சுட்டது யாருல?"

"அவகூடப் படிக்கிற பையன்தானாம். போன கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுக்கு வந்து முறுக்கு தின்னுட்டுப் போனவன்." உடனே பேச்சை மாற்றினான். "பிள்ளைங்க வெளிய ஓடுற வீடியோ ஒண்ணு வந்திருக்கு. அனுப்புதேன், நீ பாரு. எனக்குக் கண்ணு நிக்க மாட்டேங்கு. உனக்குத்தான் முதுகப் பாத்தா தெரியும்."

பள்ளியின் மாடி ஜன்னலிலிருந்து யாரோ எடுத்த வீடியோ. கதவு திறந்தது. சில பிள்ளைகள் கைகளைத் தலைமேல் வைத்திருந்தார்கள். எல்லாம் முதுகுகள். அப்போதுதான் ஃபெபிக்கு உறைத்தது: லிடியாவின் முதுகை அவள் பார்த்ததேயில்லை. கைக்குழந்தையாக ஒருமுறை டெல்லிக்கு வந்தாள். அதற்குப் பிறகு போனில் தெரிந்ததெல்லாம் முகம்தான்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல்நிறச் சட்டை, இடது தோளைத் தூக்கிக்கொண்டு ஓடி மறைந்தது.

"டேவிட்சா, லைன்லயே இரு."

வீடியோவை விரலால் பின்னுக்கு இழுத்தாள். பிள்ளைகள் எல்லாரும் கட்டடத்துக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டு, திரும்பத் திறந்தது.