ஜொலீன் கிழித்துப்போட்ட கட்டுரை

மாசசூசெட்ஸில் இருக்கும் அந்தப் பெரிய கல்லூரிக்கு எங்கள் பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கத் துணிந்தது இரண்டே பேர். நான், அப்புறம் ஜொலீன் மிஹாலிக். சுரங்கம் மூடி இருபது வருடமான பென்சில்வேனியா ஊர் எங்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய வாரமே கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர் பிராகன் எங்களை உட்காரவைத்து, உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"நம்ம மாதிரி ஸ்கூல்ல இருந்து ஒருத்தரை எடுத்தாலே அதிசயம். ரெண்டு பேரை எடுக்கவே மாட்டாங்க."

ஜொலீன் என்னைக் காட்டிச் சிரித்தாள். "அப்போ ரோஸ்மேரிக்குத்தான் சார். நான் சும்மா துணைக்கு."

அந்த 'சும்மா'தான் என் வயிற்றில் நெருப்பு வைத்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நான் இதற்காகத் தயாரானவள். பியானோ, மருத்துவமனையில் சனிக்கிழமைத் தொண்டு, பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் பதவி எல்லாம் அம்மா வைத்திருந்த கோப்பில் வரிசையாக இருந்தன. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை மூன்று முறை எழுதினேன். ஜொலீன் எழுதியது ஒரே முறை. முந்தின நாள் மாலை முழுக்க தேவாலயச் சமையலறையில் பியரோகிக் கொழுக்கட்டைகளை மடித்துவிட்டு, விரலில் வெங்காய வாசனையோடு வந்து எழுதினாள். என்னைவிட நாற்பது மதிப்பெண் அதிகம்.

விண்ணப்பத்தோடு நம்மைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். நவம்பரில் ஒருநாள் நூலகத்தில் என் முன்னால் மூன்று தாள்களை வைத்தாள்.

"ரோ, என் கட்டுரையைக் கொஞ்சம் பாருடி. நீதானே பத்திரிகைக்காரி. கேவலமா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு."

அவள் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஆறு வயதிலிருந்து ஜொலீன்தான் அந்தப் பேருந்தில் முதலில் ஏறுபவள், கடைசியில் இறங்குபவள். எந்த வீட்டுக் கதவை யார் திறந்தார்கள், எந்தப் பிள்ளை பனியில் கோட்டு இல்லாமல் வந்தது என்றெல்லாம் எழுதியிருந்தாள். ஒரு நிறுத்தத்தில் மட்டும் அவள் அம்மா ஹாரன் அடிக்காமல் இரண்டு நிமிடம் காத்திருப்பாராம். அந்த வீட்டுச் சிறுமி தன் தம்பிக்கு ஷூ மாட்டிவிட்டு வர வேண்டும்.

படித்து முடித்ததும் முதல் தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். என் பைக்குள் இருந்த கட்டுரை தலைமைப் பண்பைப் பற்றியது. ஐந்து முறை திருத்தியும் அதில் ஒரு மனித முகம் கிடையாது.

"என்னடி, பேசவே மாட்டேங்கறே?"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனாவா? சொல்லு."

"பஸ் ஓட்டறவங்க பொண்ணுன்னு படிச்சா, பாவம்னு நினைப்பாங்கடி. பரிதாபத்தைக் காட்டி இடம் கேக்கற மாதிரி இருக்கு. க்விஸ் டீமோட மாநிலப் போட்டிக்குப் போனியே, அதை எழுதேன்."

அவள் முகம் சுருங்கியது. "அப்படியா தெரியுது?"

"எனக்கு அப்படித்தான் தெரியுது."

அவள் நம்பினாள். க்விஸ் போட்டியைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தாள். என்னுடையதைப் போலவே உயிரில்லாத கட்டுரை. காற்புள்ளிகளைக்கூட நானே சரிசெய்து கொடுத்தேன். அன்று மதியச் சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது.

ஏப்ரலில் எனக்கு மெல்லிய உறை வந்தது. இடமில்லை என்று சொல்ல ஒரு தாள் போதும்; பிரிக்கத் தேவையே இல்லை. ஜொலீனுக்குச் சேர்க்கைப் படிவங்களோடு தடித்த உறை. மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ரோ சொல்லித்தான் கட்டுரையை மாத்தினேன். இவ இல்லேன்னா எனக்குக் கிடைச்சிருக்காது."

அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஜொலீனை வாசலுக்கு இழுத்துப் போனேன்.

"முதல்ல எழுதினது அருமையா இருந்துச்சு. அதனாலதான் மாத்தச் சொன்னேன்."

குற்ற உணர்ச்சியால் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. ஜெயித்தவள் தரும் நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாற்றிய கட்டுரையால்தான் கிடைத்தது என்ற அவள் நினைப்பையாவது பறித்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஜொலீன் வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"அதை அம்மா ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருந்தாங்க, ரோ. நான்தான் கிழிச்சேன். 'நீ பஸ் ஓட்டறேன்னு தெரிஞ்சா அவங்க பாவப்படுவாங்க'ன்னு அம்மா முகத்தைப் பாத்தே சொன்னேன். முன்னெல்லாம் ஸ்கூல் வாசல்ல இறங்கும்போது எனக்குக் கை காட்டுவாங்க. அன்னையிலேர்ந்து காட்டறதில்ல."

அவள் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஜொலீனின் அம்மா ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறியதும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். "மிஸஸ் மிஹாலிக், அந்தக் கட்டுரையை மாத்தச் சொன்னது நான்தான். பொறாமையில சொன்னேன். ஜொலீனுக்கு அப்படித் தோணவே இல்ல."

அவர் கண்ணாடி வழியாகப் பின்னிருக்கையைப் பார்த்தார். ஜொலீன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"யாரோ சொன்னாங்கன்னு சொல்லலாம்மா. வாய் திறந்தது அவதானே?" என்றார். பிறகு, "போய் உக்காரு, பின்னால வண்டி நிக்குது."

ஆகஸ்டில் ஜொலீன் என்னிடம் சொல்லாமலே கிளம்பிப் போனாள். வழியனுப்ப அவள் அம்மாவே மாசசூசெட்ஸ் வரை கார் ஓட்டிப் போனதாக ஊரில் சொன்னார்கள். நான் பக்கத்து ஊரின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் மருந்துக் கடையில் அவளைப் பார்த்தேன். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"எப்படி இருக்கே?" என்று கேட்டாள். அடுத்த பருவம் ஐரோப்பாவில் பிராக் நகரத்துக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

அதே நெருப்பு, வயிற்றில் அதே இடத்தில்.

"சந்தோஷம்டி" என்றேன். பாதியாவது உண்மையாக இருந்தது.