ஆடிக் கூழும் விராலின் ஈரலும்

ஆவடிக்கு அருகே கோவில்பதாகையில், வேம்புலியம்மாள் வீட்டுப் புறக்கடையில் இருந்த இரண்டு சிமெண்டுத் தொட்டிகளை வாடகைக்கு எடுத்து விரால் வளர்த்தாள் ஆராய்ச்சி மாணவி செலின். கதவை ஒட்டிய தொட்டிக்கு மீன்தூள் மட்டும். சுவரோரத் தொட்டிக்கு மீன்தூளோடு மரவள்ளி மாவு. ஊனுண்ணும் மீனுக்கு மாவு மிகுந்தால், அதன் உடல் செலவழிக்க இயலாத சர்க்கரை ஈரலில் கொழுப்பாகத் தங்கும். செந்நிற ஈரல் வெளுத்துவிடும். அவள் நிறுவ வேண்டியது இதுதான். இரு தொட்டி மீன்களின் ஈரல்களுக்கு இடையே வேறுபாடு தெரிந்தால் முனைவர் பட்டம்; தெரியாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

அது 1992-ஆம் ஆண்டின் ஆடி மாதம். ஞாயிறுதோறும் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வேம்புலியம்மாள் ஒரு சொம்பு நிறையக் கொண்டுவருவாள். மேலே கருவாட்டுக் குழம்பும் மிதக்கும். கேழ்வரகின் வாடையே செலினுக்கு ஆகாது. ஆனால் மறுத்தால், மாதா கோயிலுக்குப் போகிறவள் அம்மன் கூழைத் தள்ளிவிட்டாள் என்றாகிவிடுமே என்று அஞ்சினாள்.

“வெச்சிட்டுப் போங்கம்மா, அப்புறமா குடிக்கிறேன்” என்பாள். மாலையில் ரயிலேறிவிடுவாள். மறுநாள் சொம்பு கழுவிக் கவிழ்த்திருக்கும். யார் குடித்தார்கள் என்று அவள் ஆராயவில்லை; ஆராய்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கதவோரத் தொட்டி நீர் கலங்கியிருந்ததற்கு மழையைக் காரணமாகக் கொண்டாள்.

ஆவணியில் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் ஜெயராமன் வந்தார். அவர் முன்னிலையில் தொட்டிக்கொரு மீனை அறுத்தாள். இரண்டு ஈரல்களும் வெண்ணெய் நிறத்தில் இருந்தன.

“இதுல மாவு போடாத மீன் எதும்மா?”

செலின் இரண்டு ஈரல்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் தளதளன்னுதான கீது. இன்னாத்துக்கு சார் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?”

“கதவோரத் தொட்டியில வேற யாராவது எதாவது போட்டாங்களா?” என்று கேட்டார் ஜெயராமன்.

“நான்தான் கூழ் ஊத்தனேன். இந்தப் பொண்ணு குடிக்காம வெச்சிட்டுப் பூடும். அம்மன் கூழ கால்ல மிதிபடற எடத்துல ஊத்துவாங்களா? தண்ணிலதான் உடணும். ஏரிக்கு நடக்க எனக்கு முட்டி வலி. கதவாண்டயே தண்ணி கீதேன்னு ஊத்திட்டேன். கருவாட்டப் பாத்து இன்னா துள்ளு துள்ளுச்சுங்க தெரியுமா? அதுங்களுக்குக் கீற பக்திகூட...”

செலினைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினாள்.

ஜெயராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் கருதுகோள் கேழ்வரகுக்கும் பொருந்துதும்மா. ஆனா ஒப்பிட்டுப் பாக்க மீன் இல்லையே. அடுத்த வருஷம் குஞ்சு கெடைக்கறப்போ மறுபடி ஆரம்பி.”

அடுத்த ஆடியில் வேம்புலியம்மாள் சொம்பை நீட்டினாள். செலின் தொட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மூச்சைப் பிடித்தபடி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மனம் குளிர்ந்த வேம்புலியம்மாள் மறுவாரம் இரண்டு சொம்பாக்கினாள். செய்தி கேட்டு, பக்கத்து வீட்டுக் குப்பம்மாவும் தன் பங்குக்கு ஒன்று அனுப்பினாள்.

ஆவணியில் கதவோர மீனின் ஈரல் சிவந்து பளபளத்தது. சுவரோர மீனுடையது வெளுத்திருந்தது. ஜெயராமன் செலினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேம்புலியம்மாளுக்கு மட்டும் திருப்தியில்லை.

“இன்னா சார், இந்த வருசம் இந்த மீனு எளைச்சிப் பூட்ச்சே” என்றவள், செலினின் கையை இறுக்கிப் பிடித்திருந்த ரவிக்கையைக் கண்டு ஆறுதலடைந்தாள்.

“போவட்டும், பொண்ணு தேறிகிச்சு. இந்தப் பொண்ணோட ஈரல எப்பப் பாப்பீங்க?”