உரித்து வைத்த முகம்

அப்பா இளவயதிலேயே இதயம் நின்று இறந்துபோனார். "அவரை உரிச்சு வச்சிருக்கா" என்று எல்லோரும் சொன்னதால், வியாதியும் அக்காவுக்குத்தான் என்று வீடு முடிவு கட்டி, அவளை ஓடவே விடவில்லை. அம்மா சாயலில் பிறந்த தம்பியோ நீச்சல் வீரனாகிவிட்டான். இன்று இருவரின் மரபணுப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது.

"உங்களுக்கு இல்லம்மா," என்றார் டாக்டர் அக்காவிடம். "அந்தக் கோளாறு தம்பிக்குத்தான். முகஜாடை வேற, இது வேற. நெஞ்சுல ஒரு கருவி வச்சுட்டா பயமில்ல. அதுவரைக்கும் தண்ணில இறங்கக் கூடாது."

தம்பி சிரிக்கப் பார்த்தான். "நாளைக்குப் போட்டி இருக்குக்கா. முடிச்சிட்டு வந்து வச்சுக்கலாம்."

அவன் தோளிலிருந்த நீச்சல் பையைப் பிடுங்கி, அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் பங்குக்கும் சேத்து இத்தனை வருஷம் நான் உட்கார்ந்தாச்சுடா. இனி நீ உட்காரு. டாக்டர், தேதி சொல்லுங்க."