முக்கால் ஜல்லி

என் பெயர் வீரமணி. வடக்கனந்தல்காரன். கொத்து வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கோபக்காரன் என்று பெயரெடுத்தவன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்வராயன் மலையில், தும்பைப்பாறை என்ற ஊரில், தண்ணீர்த் தொட்டிக்காக நான் எழுப்பிய நான்கு தூண்களை நானே ஆள் வைத்து இடித்தேன். ஏன் என்று எங்கள் ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் மலைக்காரர்களின் முட்டாள்தனம் என்று சொல்லிவந்தேன். அது பாதி நியாயம்கூட இல்லை.

அந்த ஊரில் மொத்தம் முப்பத்தாறு வீடு. தண்ணீர் கீழே ஓடையில். அரை மணி நேரம் இறங்கி, குடத்தோடு முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். முன்பு ஒரு தொட்டி கட்டினார்களாம், இரண்டு மழைக்குத் தாங்கவில்லை. குஞ்சம்மாள் என்ற அம்மாள் ஒன்பது வருடம் மனு மேல் மனு கொடுத்து இந்தப் புதுத் தொட்டியை வாங்கினாள். தொட்டி எழும்பினால்தான் மோட்டாரும் குழாயும் வரும் என்பது ஏற்பாடு. அவளுக்கு அவசரம் இருந்தது. அதற்கு முந்தின கோடையில் அவள் மருமகள் பெரியநாயகி குடத்தோடு வழுக்கி விழுந்ததில் வயிற்றுப் பிள்ளை போயிற்று. வேலை தொடங்கியபோது அவளுக்கு மறுபடியும் நாலு மாதம். பெரியநாயகியை இனிமேல் அந்தச் சரிவில் இறங்க விடக்கூடாது என்பது ஒன்றுதான் குஞ்சம்மாளின் கவலை.

லாரி ஏறுகிற பாதை இல்லை, டிராக்டர் மட்டும் பாதி பாரத்தோடு ஏறும். அதனால் அஸ்திவாரத்துக்கு வேண்டிய ஜல்லியை அங்கேயே பாறை உடைத்துப் போடும்படி காண்ட்ராக்டர் அன்புச்செல்வன் ஊர்க்காரர்களுக்கே கூலி பேசிவிட்டார். முதல் நாள் ஒரு பெண் உடைத்ததைக் காட்டி அளவு சரியா என்று கேட்டாள். நான் சுருட்டு பற்றவைத்துக்கொண்டே, "நல்லா பெருசாவே ஒடைங்க. பெரிய கல்லுதான் பலம்" என்றேன்.

அஸ்திவாரத்துக்கு அது சரிதான். அகலமான இடம், கம்பி விலகி விலகி இருக்கும். பெரிய ஜல்லி போட்டால் சிமெண்ட் கம்மியாகப் பிடிக்கும், பலத்துக்கும் குறைவில்லை. தூண் அப்படி அல்ல. தூணின் தலையில் உத்தரத்துக் கம்பியும் வந்து சேரும். இரண்டு விரல் நுழைகிற சந்துதான் மிஞ்சும். அங்கே முக்கால் அங்குல ஜல்லிக்கு மேல் போகக்கூடாது. அதோடு பெரிய கல்லின் இடுக்கைச் சின்னக் கல் அடைக்க வேண்டும், சின்னக் கல்லின் இடுக்கை மணல் அடைக்க வேண்டும், அப்போதுதான் சிமெண்டுக்கு வேலை. இவ்வளவையும் அன்றைக்கே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். கூலிக்குக் கல் உடைக்கிறவர்களுக்கு எதற்கு விளக்கம் என்ற திமிர் எனக்கு.

தூணுக்கென்று அன்புச்செல்வன் கீழேயிருந்து இரண்டு டிராக்டர் முக்கால் ஜல்லி அனுப்பினார். சனிக்கிழமை வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கள் காலையில் கலவை மெஷினோடு ஏறி வந்தால், ஜல்லிக் குவியலைக் காணோம். ஊருக்குள் போகிற சேற்றுப் பாதையில் அதைப் பரப்பி மிதித்துவிட்டிருந்தார்கள். குவியல் இருந்த இடத்தில் அவர்கள் உடைத்த கல் மலையாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்துக்குக் குறையாது. ஞாயிறு முழுக்க ஊரே உட்கார்ந்து, பொடியையும் சின்னதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்ல கல்லாகத் தேர்ந்து வைத்திருந்தார்கள். கூலி கேட்கவில்லை. தங்கள் தொட்டி என்று செய்திருந்தார்கள்.

நான் கத்தினேன். தூணுக்கு இது ஆகாது, பாதையில் போட்டதை அள்ளிக் கழுவிக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. குஞ்சம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"பழைய தொட்டி வுழுந்தப்ப அள்ளிப் பாத்தோம் மேஸ்திரி. எல்லாம் பொடிக் கல்லு. பெரிய கல்லுதான் பலம்னு நீதான சொன்ன? இப்ப பொடிக் கல்ல எறக்கிட்டு இதுதான் நல்லதுன்ற. காண்ட்ராக்டரு ஒனக்கு எவ்ளோ குடுத்தாரு?"

என் வாழ்க்கையில் பல தப்புகள் செய்திருக்கிறேன், காசு வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தது மட்டும் கிடையாது. இத்தனை பேர் எதிரில் அப்படிக் கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பேசியிருந்தால் புரிந்திருக்கும். கம்பிக் கூட்டுக்குள் ஒரு கல்லைப் போட்டுக் காட்டியிருந்தாலே போதும். மெஷின் சாயங்காலம் கீழே போயாக வேண்டும் என்பது இன்னொரு சாக்கு.

"எனக்கு இன்னா வந்துச்சி? உங்க தொட்டி, உங்க கல்லு. கொட்டுங்க" என்றேன்.

கொட்டினார்கள். பெண்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றிய அழகை வேறு எந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை. மேலே நின்று கம்பியால் குத்திக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும், கல் கம்பியில் சிக்கி நின்றுகொள்கிறது, சாந்து மட்டும் வழிந்து கீழே இறங்குகிறது என்று. நிறுத்தியிருக்கலாம். என் பேச்சைக் கேட்காதவர்களுக்கு இது வேண்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் தூணைச் சுற்றி அடித்திருந்த பலகையைப் பிரித்தோம். நான்கு தூணிலும் தலைப்பக்கம் தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஓரிடத்தில் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அன்புச்செல்வனுக்குப் போன் போட்டேன். நாளைக்கு என்ஜினியர் வருகிறார், அதற்குள் சிமெண்டை அப்பி மேலே பூசிவிடு என்றார். பூசினால் பார்வைக்குத் தெரியாது. நானும் சாந்து குழைக்க ஆரம்பித்தேன்.

குஞ்சம்மாள் வந்து பார்த்தாள். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டாள். கணு வரைக்கும் போய்க் கம்பியில் இடித்தது. விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி ஏத்துனா நிக்குமா மேஸ்திரி?"

"நிக்கும்க்கா. எத்தினி நாளுன்னு சொல்ல முடியாது."

அவள் ஓடைச் சரிவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ பூசிடு. நிக்கிற வரைக்கும் குடிச்சிக்கிறோம்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பூசியிருப்பேன். தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் முப்பதாயிரம் லிட்டர். அதற்கடியில்தான் குழாய் வரும், குடத்தோடு வரிசை நிற்கும். குழைத்த சாந்து சட்டியிலேயே காய்ந்துபோக விட்டேன்.

மறுநாள் என்ஜினியர் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினார், இடிக்கச் சொல்லிவிட்டார். எந்த ஜல்லி போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். யார் போடச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். அன்புச்செல்வன் அன்றோடு வேலையைக் கைவிட்டார். மார்ச் மாதத்தோடு அரசாங்க ஆபீசில் வருடக் கணக்கு முடித்தார்கள். அந்த வேலையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இனி அந்த ஊர் பேர் வர பத்து வருடமாவது ஆகும், அதுவும் யாராவது முதலிலிருந்து மனு எழுதினால் என்று என்ஜினியர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஊருக்குள் யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதைச் சொல்லத்தான் போன வாரம் மலைக்குப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இடித்த இடத்தில் குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். தூண் துண்டுகளைச் சுத்தியால் உடைத்து, கல்லைப் பிரித்து, அந்தக் கல்லையும் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடுப்பளவுக்குக் குவியல். சாந்து ஒட்டிய கல் மறுபடி தூணுக்கு உதவாது. என்னைப் பார்த்ததும் ஒரு கல்லை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துக் காட்டினாள்.

"இந்த அளவு செரியா பாரு மேஸ்திரி. அன்னிக்கி ஒம் பேச்ச கேக்காம கெட்டோம். இந்த தபா நீ இன்னா சொல்றியோ அதான். எப்ப ஆரம்பிக்கிற?"

கீழே சரிவில் பெரியநாயகி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குடத்தோடு நின்று நின்று ஏறி வந்துகொண்டிருந்தாள். குஞ்சம்மாளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரியான அளவுக்கா" என்றேன். "மழ வுட்டதும் ஆரம்பிச்சிர்லாம்."

அவள் சந்தேகப்படவில்லை. நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டு, இன்னொரு சுத்தியை என் பக்கம் தள்ளினாள். நானும் உட்கார்ந்து உடைத்தேன்.