வலிக்காத இடம்

ஆயத்த ஆடை ஆலையில் எல்லோரும் அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நூறு அடுக்குத் துணியை மின்கத்தியால் பிசிறில்லாமல் வெட்டுபவள். ஐம்பத்து மூன்று வயது. வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கி மேசைமேல் சரிந்தபோதுகூட, "முதல்ல கத்தியை நிறுத்துங்க, அப்புறம் என்னைத் தூக்குங்க" என்றவள்.

ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள். அறுவைக்கு நாள் குறிக்குமுன் டாக்டரம்மா ரத்த அறிக்கையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ரத்தம் கம்மியா இருக்கு. பெருங்குடலையும் கேமரா விட்டுப் பாத்துடலாம்."

"கல்லு மேல இருக்கு டாக்டர். நீங்க ஏன் கீழ தேடறீங்க?"

"பித்தக்கல் உள்ளவங்க சிலருக்குக் குடல்லயும் சின்ன வளர்ச்சி இருக்கறதா ஆய்வுகள் சொல்லுது. அதாலதான் இது வருதுன்னு உறுதியாத் தெரியாது. உங்க வயசுக்கு எப்படியும் பாக்க வேண்டியதுதான்."

உள்ளே மூன்று வளர்ச்சிகள் இருந்தன. அப்போதே அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

"புற்றுநோய் இல்ல. ஆனா பெருசுல செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டிருந்தா ஆகியிருக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் அறிக்கையை வாங்கி நாலாக மடித்தாள். ஊரைக் கூட்டிய கல் வெறும் வாயாடி. மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததல்லவா கழுத்தறுக்கப் பார்த்திருக்கிறது! "கூடப் பிறந்தவங்களும் பாத்துக்கணும்" என்று டாக்டரம்மா இரண்டாம் முறை சொன்னபோதுதான் காதில் ஏறியது.

ஒரே தம்பி, பேருந்து ஓட்டுநர். நேரே பணிமனைக்குப் போனாள். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்லத் துணி பிடித்த கை நின்றுபோனது.

"அக்கா... எனக்கு ஆறு மாசமா ரத்தம் போகுது."

"எதுல?"

"வெளிக்கிப் போகும்போது. மூலம்னு நெனைச்சேன். நாள் பூரா சீட்லயே உக்காந்திருக்கோம்ல."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"யார்கிட்டயும் சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவள் தன் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றல்லவா நினைத்திருந்தாள். "முள்ளு குத்தினாக்கூட வீட்டையே ரெண்டாக்குவியேடா," என்றாள்.

கேமரா விட்டுப் பார்த்தபோது அவனுடையது எல்லை தாண்டியிருந்தது. புற்றுநோயேதான். குடலில் ஒரு சாணுக்கு வெட்டி எடுத்தார்கள். தன் அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டு, பித்தக்கல்லுக்குப் பயந்து எண்ணெய் படாத சோற்றைத் தின்றுகொண்டு, தம்பி மனைவியோடு மாறி மாறிக் காவல் இருந்தாள் மாஸ்டர்.

பத்தாம் நாள் முடிவைக் கையில் கொடுத்தார்கள். புற்று நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை. நர்ஸிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இனி மூன்று மாதத்துக்கொருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

தம்பி அவள் தோளைப் பிடித்துத் தாழ்வாரத்தில் நடந்தான். எட்டடி போனதும் நின்றான்.

"நடக்கறவன் நானு. நீ ஏன்க்கா நடுங்கற?"

"தெரியலடா," என்றாள். "நீ நட."