மூன்றாவது இலை

1

இந்தக் கதை ஓர் இலையிலிருந்து வந்தது. மடகாஸ்கரின் கிழக்குக் காட்டோரம், என் வீட்டுப் பலாமரத்தடியில் எழுதிக்கொண்டிருந்தேன். காற்றில்லை. தாளின் மேல் ஓர் இலை விழுந்தது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஃபந்த்ரெஃபியாலா என்ற மரப்பாம்பு மூன்று இலைகளைக் கீழே விட்டு அளவு பார்க்கும். பிறகு வாலை ஈட்டியாக்கி, கீழே இருப்பவன் மேல் நேராக இறங்கும்.*

* அது யாரையும் குத்தாது என்கிறார்கள் படித்தவர்கள். இலை விழுந்தால் அவர்களும் சற்றுத் தள்ளித்தான் உட்காருகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: காட்டின் பச்சைப் பேரமைதியில் சிவந்த வாலொன்று – வேண்டாம். பாம்புக்கு இவ்வளவு தேவையில்லை.

இரண்டாவது: மஹேரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தான், ஏனென்றால் அவன் –

ஏனென்றால் வோலா, அவன் மனைவி, அவனோடு பேசுவதில்லை. இங்கே மாடு அறுத்தால் பின்தொடைக் கறி மாமனாருக்குப் போக வேண்டும். மஹேரி அதைக் கூட்டாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவனாகப் பேசும்வரை பேசுவதில்லை என்று அவள். அவளாகக் கூப்பிடும்வரை வீட்டுக்குள் வருவதில்லை என்று அவன். மரத்தடியில் பாயை விரித்துக்கொண்டான்.

3

முதல் இலை அவன் தொப்பியில் விழுந்தது. இரண்டாவது முழங்காலில். கிளையில் சிவந்த வால் தெரிந்தது. அவனுடைய அக்கா பாகோவும் வோலாவும் வாசலில் நின்றார்கள். (போய் இழுத்து வரலாமே என்று கேட்காதீர்கள். அந்த மரத்தடிக்கு இனி யாரும் போகமாட்டார்கள்.)

"டேய், மேல பாரு," என்றாள் பாகோ.

"பாத்தாச்சு."

"ரெண்டு விழுந்துடுச்சுடா."

"எனக்கும் எண்ணத் தெரியும்க்கா. கூப்பிட வேண்டியவ கூப்பிடட்டும்."

பாகோ திரும்பினாள். "ஒரு வார்த்தை கூப்பிட்டுடேன், வோலா."

"கறியத் தின்னவங்கள வந்து கூப்பிடச் சொல்லுங்க அண்ணி."

"நல்லாருக்கு. ஒரு துண்டு கறிக்கு என் தம்பிய மரத்தடியில விடுவியா?"

"துண்டு இல்ல அண்ணி. எங்கப்பாவ மதிக்கிறாரா இல்லையாங்கறதுதான்."

"காதுல விழுது," என்றான் மஹேரி மரத்தடியிலிருந்து.

"அவர்கிட்ட நான் பேசலன்னு சொல்லுங்க அண்ணி."

[இவ்வளவு பிடிவாதம் நம்பும்படி இல்லை என்று வோலா பேசியதை ஒருமுறை கோடுபோட்டு அடித்துவிட்டேன். பிறகு, நிலைச்சட்டத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருப்பதைக் கவனித்தேன். திரும்ப எழுதினேன்.]

4

முடிவு ஒன்று: அவள் கூப்பிடுகிறாள். அவன் வருகிறான். பாம்பு பல்லி பிடிக்கப் போகிறது. "நீதானே மொதல்ல பேசுன" என்று அவன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான்.

முடிவு இரண்டு: அவனே எழுந்து வருகிறான். மஹேரியை எனக்குத் தெரியும். வரமாட்டான்.

முடிவு மூன்று: அவள் கூப்பிடவில்லை, அப்போது மேலிருந்து

5

மூன்றாவது இலையை நான் எழுதப்போவதில்லை. அது இன்னும் காம்பில்தான் இருக்கிறது. வோலா வாயைத் திறந்துவிட்டாள். என்ன சொல்கிறாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். கறியிலிருந்து தொடங்க விடாதீர்கள். அவ்வளவு நேரமில்லை.