மூவர் நின்ற படம்

கோட்டைமேட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. சமீரா அங்கேதான் டிசைன் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பத்திரிகை, பிரியாணிக் கடை மெனு, ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் என்று வருவதுதான் அதிகம். அதனால் சூலூரிலிருந்து ‘ரெண்டாம் ஷிஃப்ட்’ என்ற பேண்ட், தங்கள் முதல் ஆல்பத்துக்கு விளம்பரம் செய்து தரச் சொன்னபோது அவளுக்கு ஒரே குஷி. ஒரு சின்ன இசைப் பத்திரிகையின் பின்னட்டை முழுவதும் அவர்களுக்கு. ஆல்பத்தின் பெயர் ‘மேற்கே மழை’.

பேண்டில் மூன்று பேர். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் கனிஷ்கா. டிரம்ஸ் நிதீஷ். பேஸ் கிட்டார் ரிஃபத். விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய குடோனில்தான் பயிற்சி. தறி ஓடுகிற இரைச்சலில் இவர்கள் சத்தத்தை யாரும் குறை சொல்ல வருவதில்லை.

கனிஷ்கா அனுப்பிய படம் கொடுமுடிப் படித்துறையில் எடுத்தது. பின்னால் காவிரி, மேலே சாம்பல் வானம். ரிஃபத் நிதீஷின் கழுத்தை வளைத்துப் பிடித்திருக்க, மூவரும் எதற்கோ விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சமீரா ஆல்பத்தின் பெயரை வானத்தில் எழுதிப் பார்த்தாள். பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் கனிஷ்கா போன் செய்தாள்.

“ஏனுங்க சமீராக்கா, படத்துல ரிஃபத் வேண்டாங்க. அழிச்சுப்போட்டுத் தர்றீங்களா?”

“ஏம்மா?”

“அவன் இப்ப பேண்ட்ல இல்லீங்க.” அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

படத்திலிருந்து ஆளை எடுப்பது சமீராவுக்குப் பெரிய காரியமில்லை. கல்யாண ஆல்பங்களில் மனஸ்தாபப்பட்ட மச்சான்களையே எடுத்திருக்கிறாள். ரிஃபத் நின்ற இடத்தில் தண்ணீரையும் படியையும் நிரப்பினாள். கழுத்தைச் சுற்றிய கையையும் எடுத்தாள். ஆனால் நிதீஷ் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். எதன்மேல் சாய்ந்திருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நிமிர்த்தினால் சிரிப்பு பொய்யாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம், படத்தின் கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நிதீஷே வந்தான். திரையைப் பார்த்தவன் உட்காரவில்லை.

“ரிஃபத் எங்கீங்க?”

“கனிஷ்காதான் எடுக்கச் சொன்னா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத்தானுங்க அவன் போனான். எனக்கும் கோவந்தான். அதுக்குன்னு அழிக்கறதா? எல்லாப் பாட்டுலயும் அவந்தான வாசிச்சிருக்கான்!”

அங்கேயே கனிஷ்காவை போனில் பிடித்துக் கத்தினான். அவன் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, “எடுக்கச் சொன்னது அவந்தான்டா. ஏன்னு அவங்கிட்டயே கேளு. நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நிதீஷ் ரிஃபத்தை அழைக்க மறுத்தான். ரிஃபத்தின் வீடு பக்கத்துப் பகுதியான கரும்புக்கடையில்தான். சமீராவே நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். “தம்பி, நிதீஷ் இங்க உக்காந்திருக்கான். கொஞ்சம் வந்துட்டுப் போ.”

ரிஃபத் வந்தான். நிதீஷைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து, அச்சுக் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

“ரெக்கார்டிங் முடிஞ்சதுல இருந்து காதுக்குள்ள ஒரே ரீங்காரம்டா. தூங்கறப்பகூட நிக்கறதில்ல. சத்தம் இருக்கற எடத்துக்கே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. படத்துல நான் இருந்தா, மேடையில எங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. காது விஷயம் தெரிஞ்ச யாராச்சும் உங்கிட்டச் சொல்லிருவாங்க.”

“சொன்னா என்ன?”

ரிஃபத் இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

நிதீஷுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. குடோனில் ரிஃபத் எப்போதும் நிற்கும் இடம் ஒன்றுதான். அவன் இடது கைப்பக்கம், எட்டித் தொடும் தூரத்தில், நிதீஷ் ஓங்கி அடிக்கும் சிம்பல் தட்டுகள்.

“உனக்குத் தெரிஞ்சா நீ அப்பறம் ஒழுங்கா அடிக்கவே மாட்ட,” என்றான் ரிஃபத்.

“தள்ளி நின்னிருக்கலாம்லடா.”

“தள்ளி நின்னா உன் அடி பிடிபடாது.”

நிதீஷ் தலைகுனிந்தான். கீழே துணிக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தணித்துக்கொண்டு, “இப்ப நான் பேசறது சத்தமா இருக்கா?” என்று கேட்டான்.

“நீ எப்பப் பேசினாலும் சத்தந்தான்,” என்று ரிஃபத் சிரித்தான். நிதீஷுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அவன் பக்கத்தில், அதே காகிதக் கட்டின்மேல், வலது காதுப் பக்கமாக உட்கார்ந்தான்.

சமீரா பழைய படத்தைத் திறந்தாள். மூவரும் திரும்ப வந்தார்கள்.

“நீ வேண்டாம்னா எடுத்துடறேன். ஆனா உன் வாயால சொல்லு,” என்றாள் ரிஃபத்திடம்.

அவன் திரையில் மூவரையும் பார்த்தான். “இருக்கட்டும்க்கா.”

“யாராச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன்,” என்றான் நிதீஷ்.

“வேண்டாம். நானே சொல்லிக்கறேன்.”

திங்கட்கிழமை விளம்பரம் பத்திரிகைக்குப் போனது. அடியில் மூன்று பெயர்களும், யார் எதை வாசித்தார்கள் என்பதும். அச்சில் காவிரி கொஞ்சம் மங்கிவிட்டதென்று சமீரா இரண்டு நாள் புலம்பினாள். நிதீஷ் குடோனுக்கு ஒரு டப்பா நிறையக் காதடைப்பான் வாங்கிப் போட்டான். அது இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

ஆல்பம் வெளியீட்டில் வேறொருவர் பேஸ் வாசித்தார். ரிஃபத் கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டான். சுவர் தாண்டி வந்த சத்தம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பத்திரிகையில் படம் பார்த்த ஒரு பெண், “பின்னட்டையில இருக்கறது நீங்கதானுங்களா? ஏன் இங்க நிக்கறீங்க?” என்று கேட்டாள். அவன் காதைப் பற்றிச் சொன்னான். நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

நிகழ்ச்சி முடிந்து நிதீஷ் வேர்வையில் நனைந்து வெளியே வந்தான்.

“மூணாவது பாட்டுல தாளத்த மீறி வேகமா ஓடிட்டடா,” என்றான் ரிஃபத்.

“புதுசா வாசிச்சவருதான் மெதுவா இழுத்தாரு.”

“இல்ல, நீதான்.”

டிரம்ஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றும்வரை இருவரும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.